நான் போட்ட கையெழுத்து

அவிநாசிபாளையம்,
கார்த்திகை 21, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் அனுசுயாவுக்கு,

உன் அம்மா சீனியம்மாள் எழுதுவது. நான் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறேன். ராஞ்சியில் குளிர் தொடங்கிவிட்டது என்று சொன்னாய். காதை மூடிக்கொள்ளாமல் காலையில் வேலைக்குக் கிளம்பாதே. நீ தையல் பழக்கிவிடும் பெண்கள் உன்னை தீதீ, அதாவது அக்கா, என்று கூப்பிடுகிறார்கள் என்றாயே, அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷம். உன் இந்தி எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்துத் தனியாகச் சிரித்தேன்.

மேலே ஊர்ப்பெயரைப் பார்த்துத் திகைத்திருப்பாய். பெருமாநல்லூர் வீட்டைக் காலி செய்து ஒரு மாதமாகிறது. போனில் சொல்லவில்லை. ஏன் என்பதும் இந்தக் கடிதத்திலேயே வரும். எனக்கு எதையும் வரிசையாகத்தான் சொல்ல வரும், பொறுமையாகப் படி.

போன ஞாயிறு நீ ஒன்று கேட்டாய். பிரியா மேடம் ஏன் கம்பெனிக்கு வருவதில்லை, அவரிடமே கேட்டால் ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று மட்டும் சொல்கிறார், உனக்கு ஏதாவது தெரியுமா அம்மா என்றாய். சிக்னல் சரியில்லை, ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். எல்லாம் நன்றாகத்தான் கேட்டது தாயி. அவர் வேலை போனதற்கு நான் ஒரு காரணம். அதை அவர் உன்னிடம் சொல்லவில்லை என்பது நீ கேட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவர் சொல்லமாட்டார். நான்தான் சொல்ல வேண்டும்.

உனக்குத் தெரிந்ததையே என் பக்கமிருந்து சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் நீ சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோக ஆரம்பித்தாய். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மிஷினில் உட்கார்ந்தபடியே கண்ணீர் விட்டாய் என்று உன் லைனில் இருந்தவர்கள் என்னிடம் வந்து சொன்னார்கள். சூப்பர்வைசர்தான் உன்னைக் கவுன்சிலிங் மேடத்திடம் அனுப்பினார். செவ்வாயும் வெள்ளியும், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அறைக்குப் பக்கத்து அறையில் சண்முகப்பிரியா மேடம் உட்கார்ந்திருப்பார். எனக்கு அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது. ஆஸ்பத்திரி மாதிரி என்று நினைத்தேன். உன்னைப் பார்ப்பார், என்ன வியாதி என்று என்னைக் கூப்பிட்டுச் சொல்வார், மாத்திரை கொடுப்பார் என்று காத்திருந்தேன்.

மூன்று வாரம் ஆகியும் கூப்பிடவில்லை. நான் துணி பார்க்கும் செக்கிங் டேபிளில் இருந்து டீ நேரத்தில் நானே போனேன். என் மகளுக்கு என்ன என்று கேட்டேன். அவர் எழுந்து நின்று நாற்காலியைக் காட்டினார். உங்கள் பெண்ணுக்கு இருபத்தொரு வயதாகிவிட்டது, அவராகச் சொன்னால் ஒழிய, இங்கே வந்தாரா இல்லையா என்பதைக்கூட நான் பேசக்கூடாது என்றார்.

“பெத்தவகிட்டயுமா?” என்று கேட்டேன்.

“யாருகிட்டயுமுங்க அக்கா. என்ற ஊட்டுக்காரருகிட்டக்கூடச் சொல்றதில்லீங்க.”

அவ்வளவு மரியாதையாகச் சொன்னதால்தான் எனக்கு அதிகமாகக் கோபம் வந்தது. யாராவது கத்தினால் பதிலுக்குக் கத்தலாம். இவரிடம் என்ன செய்வது?

அதோடு விடவில்லை நான். தீபாவளிக்கு அதிரசம் சுட்டு ஒரு டப்பாவில் கொண்டுபோனேன். அவர் தொடவில்லை. இதை வாங்கிக்கொண்டால் அடுத்த முறை நீங்கள் கேட்கும்போது இல்லை என்று சொல்ல எனக்குச் சங்கடமாக இருக்கும் என்று நேராகவே சொல்லிவிட்டார். பிறகு ஒரு நாள் திருப்பூர் உழவர் சந்தையில் அவரைப் பார்த்தேன். நம் பக்கத்து வீட்டுப் பெண்ணும் என்னோடு வந்திருந்தாள். மேடம் என்னைப் பார்த்தார், தெரியாதவரைப்போலக் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். படித்தவள் திமிர் என்று வீடு வரும்வரை திட்டிக்கொண்டே வந்தேன். நாமாகப் பேசினால் ஒழிய வெளியில் யாரையும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார், கூட இருப்பவர்கள் எப்படித் தெரியும் என்று கேட்டால் நமக்குத்தான் சங்கடம் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. உன் பையைக்கூட ஒரு நாள் துழாவியிருக்கிறேன். ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. இதையெல்லாம் எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் பாதியைச் சொல்லிப் பாதியை விட்டால் இந்தக் கடிதத்துக்கே அர்த்தமில்லை.

போன வருடம் அந்த ஆடி மாத வெள்ளிக்கிழமையை நீயும் மறந்திருக்கமாட்டாய். மதியம் மூன்றரை இருக்கும். ஒரு வருடமாக என்னிடம் ஒன்றுமே சொல்லாத மனுஷி தானே போன் செய்தார். நான் மாடியில் அந்த அறைக்கு ஓடி வந்தபோது நீ அவர் பக்கத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாய். உன் முன்னால்தான் பேசினார். உங்கள் அம்மாவிடம் இவ்வளவுதான் சொல்லப்போகிறேன் என்று முதலில் உன்னிடம் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

“இன்னைக்கு இவங்களத் தனியா உடாதீங்க அக்கா. காத்தால ஆஸ்பத்திரிக்குப் போலாம், நானும் வர்றேன்.”

ஏன், என்ன நடந்தது என்று நான் பதறினேன். அதை உங்கள் பெண் சொல்வார், சொல்லாவிட்டாலும் நீங்கள் பக்கத்தில் இருங்கள் என்றார். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் தேவையான அளவுக்கு வாய் திறப்பார்கள், அதற்கு மேல் ஒரு சொல்கூட வராது. அதுதான் அவர்கள் தொழிலின் கட்டுப்பாடாம். எனக்கு அன்று அது விளங்கவில்லை. மறுநாள் அரசு ஆஸ்பத்திரியில் உனக்குப் பக்கத்தில் நானும், எனக்குப் பக்கத்தில் அவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மாத்திரை, பேச்சு, மறுபடி மாத்திரை என்று எட்டு மாதத்தில் நீ கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினாய். இந்த வருடம் வைகாசியில் ராஞ்சி வேலை கிடைத்துப் போனாய். ரயில் ஏறும்போது நீ சிரித்தாய். எத்தனையோ நாளுக்குப் பிறகு பார்த்த சிரிப்பு.

யாராக இருந்தாலும் அந்த மேடத்தைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்கள். எனக்கோ நீ போன பிறகு வீடு வெறிச்சென்றாகி, கோபம் இன்னும் முற்றியது. என் பிள்ளை மனதில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. உன்னை ராஞ்சிவரைக்கும் அனுப்பி வைத்ததே அவர்தான் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

ஆவணியில் வெளிநாட்டு ஆர்டர் குறைந்துபோய் இரண்டு லைனை நிறுத்தினார்கள். ஆளைக் குறைக்கப்போகிறார்கள் என்று கம்பெனி முழுக்கப் பேச்சு. அந்த நேரத்தில்தான் ஆபீஸில் ஆட்களைப் பார்த்துக்கொள்ளும் அருள்செல்வன் சார், கவுன்சிலிங்குக்கு யார் யார் போகிறார்கள் என்று மேடத்திடம் பட்டியல் கேட்டிருக்கிறார். மனம் சரியில்லாதவர்களை முதலில் நிறுத்திவிடலாம் என்ற எண்ணம். மேடம் முடியாது என்றுவிட்டார். இது எனக்குப் பின்னால்தான் தெரியும். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், அருள்செல்வன் சார் என் டேபிளுக்கு வந்து, உங்களுக்கும் அந்த மேடம் மேல் வருத்தம் இருக்கிறதாமே என்று அன்பாகக் கேட்டதுதான். மறுநாள் டைப் அடித்த காகிதம் ஒன்றைக் கொண்டுவந்தார். மேடம் பெண்பிள்ளைகளின் மனதைக் கலைக்கிறார், பெற்றோரிடமிருந்து மறைக்கிறார், என் மகள் வேலையை விட்டுப் போனதற்கு இவரே காரணம் என்று அதில் இருந்தது. முழுக்கப் படித்தேன். படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். தெரியாமல் போட்டேன் என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன்.

புரட்டாசியில் முதலாளி கிட்டுசாமி ஐயா தன் அறைக்கு மேடம், அருள்செல்வன் சார், நான் என்று மூன்று பேரையும் கூப்பிட்டார். அவர் கெட்டவர் இல்லை, உனக்கே தெரியும். மேடத்துக்குத் தண்ணீர் கொடுக்கச் சொல்லிவிட்டுப் பேசினார்.

“ஏனுங்க மேடம், இந்தம்மா எழுதிக் குடுத்திருக்குதுங்க. அந்தப் புள்ள உங்ககிட்ட வந்துச்சா, நீங்க என்ன சொன்னீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போட்டீங்கன்னா முடிஞ்சு போச்சுங்க.”

மேடம், யார் வந்தார்கள் யார் வரவில்லை என்பதையே தான் சொல்வதில்லை, மன்னிக்க வேண்டும் என்றார். அருள்செல்வன் சாருக்குப் பொறுக்கவில்லை. சம்பளம் கொடுப்பது கம்பெனி, அறை கம்பெனியுடையது, அப்படியானால் எழுதி வைத்த குறிப்பும் கம்பெனிக்குத்தானே சொந்தம் என்றார். அதற்கு அவர் சொன்னதை நான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

“ரூமு கம்பெனியுதுங்க சார். அதுக்குள்ள பேசுனது பேசுனவங்களுதுங்க.”

அந்தக் குளிர்ந்த அறையில் எனக்கு வேர்த்துக் கொட்டியது. ஏன் என்று உனக்குத் தெரியும். அந்த ஆடி வெள்ளிக்கிழமையைப் பற்றி அவர் ஒரு வரி சொல்லியிருந்தால் போதும், என் மனு அங்கேயே குப்பைக்குப் போயிருக்கும். அதைவிடப் பெரிய ஒரு வரியும் அவரிடம் இருக்குமோ என்றுதான் நான் பயந்தேன். அவர் என்னை ஒரு முறை பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, மிரட்டலும் இல்லை. சந்தையில் பார்த்த அதே பார்வை, என்னைப் பற்றி ஒன்றுமே தெரியாதவரைப்போல. நம்மைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் வேலையை விட்டுக்கொடுத்தார். போகும்போது முதலாளியிடம் ஒன்றே ஒன்று கேட்டார். தன்னிடம் வந்துகொண்டிருந்தவர்கள் பாதியில் நின்றுவிடக் கூடாது, தன் நம்பரைப் பெண்கள் கழிப்பறைக் கதவில் ஒட்ட அனுமதி வேண்டும் என்றார். முதலாளி சரி என்றார். அது இன்றைக்கும் அங்கே இருக்கிறதாம்.

இனி எழுதப்போவதை எழுத இரண்டு முறை உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

மேடத்திடம் போவதற்கு முன்னால் ஒரு நாள் நீ என்னிடம்தான் வந்தாய். ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம், தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். அம்மா, மாமா என்னை என்று ஆரம்பித்தாய். சோப்பு நுரையோடு என் கையால் உன் வாயைப் பொத்தினேன். சத்தம் போடாதே, இந்த வீட்டை விட்டால் நமக்கு வேறு இடம் இல்லை என்றேன். அதற்குப் பிறகு நீ என்னிடம் எதையுமே சொல்ல வரவில்லை. உன் அப்பா இறந்து நாம் ஆண்டிபட்டியில் கதியற்று நின்றபோது என் தம்பி காசிமாயன்தான் நம்மைப் பெருமாநல்லூருக்கு அழைத்துவந்து, தன் வீட்டின் பின்அறையைக் கொடுத்தான். அந்த நன்றி என் கண்ணை மூடிவிட்டது என்று சொன்னால் அதுவும் முழு உண்மை இல்லை. நீ சொல்ல வந்தது என்னவென்று எனக்கு அப்போதே பாதி தெரியும். மீதியைக் கேட்கப் பயந்தேன்.

ஆகவே, நான் மேடத்திடம் போய்ப் போய்க் கேட்டதெல்லாம் உனக்கு என்ன என்று தெரிந்துகொள்வதற்காக மட்டும் இல்லை. என் அம்மா என் வாயைப் பொத்தினாள் என்று நீ சொல்லிவிட்டாயா என்று தெரிந்துகொள்ளத்தான்.

விசாரணை முடிந்து நான்காம் நாள் அவரைத் தேடிப் போனேன். இப்போது பெருமாநல்லூரிலேயே ஒரு மருந்துக்கடை மாடியில் அறை எடுத்திருக்கிறார். தப்புச் செய்துவிட்டேன், முதலாளியிடம் போய் அந்த வெள்ளிக்கிழமை நீங்கள் என் மகளை எப்படிக் காப்பாற்றினீர்கள் என்று சொல்லிவிடுகிறேன், உங்கள் வேலை திரும்பக் கிடைத்துவிடும் என்று அழுதேன். அவர் என்னை அழவிட்டார். பிறகு, பொதுவாகச் சொல்கிறேன் என்று ஆரம்பித்து, ஒருவருடைய கஷ்டம் அவருக்குத்தான் சொந்தம், அவரைக் கேட்காமல் வேறு யாரும் அதை எடுத்து வெளியில் வைக்கக் கூடாது, அது என் வேலையைத் திரும்ப வாங்கிக் கொடுப்பதற்காக என்றாலும் கூடாது என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாள் அவரிடம் நான் எதைக் கேட்டுச் சண்டை போட்டேனோ, அதையே இப்போது நான் செய்யக் கிளம்பியிருந்தேன்.

அதனால் முதலாளிக்கு நானே என் கையால் எழுதினேன். நான்கே வரி. நான் கொடுத்த மனுவில் இருப்பது பொய், கோபத்தில் கையெழுத்துப் போட்டேன், மேடத்தின் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். ஏனம்மா, என்னதான் நடந்தது என்று கேட்டார்.

“அதச் சொல்ற உரிமை எனக்கு இல்லங்கய்யா” என்றேன்.

அவர் காகிதத்தை மடித்துத் தன் மேஜை அறைக்குள் வைத்துக்கொண்டார். பட்டியல் கேட்கும் பேச்சு அதோடு நின்றது. ஆனால் மேடத்தைத் திரும்பக் கூப்பிடவில்லை. பொய் மனு கொடுத்தவள் என்று அருள்செல்வன் சார் என்னை ஏற இறங்கப் பார்த்ததும், நானே கணக்கு முடித்து வேலையை விட்டுவிட்டேன். இங்கே அவிநாசிபாளையத்தில் ஒரு சின்னக் கம்பெனியில் செக்கிங் வேலைதான். கையில் தொழில் இருக்கிறது, என்னைப் பற்றி நீ கவலைப்படாதே.

வீட்டைக் காலி செய்யும் அன்று காசிமாயன் வந்து பின்அறை வாசலில் நின்றான். நான் சண்டை போடவில்லை. என் மகள் இருக்கும் இடத்துக்கு இனி நீ வரக்கூடாது, அவள் கல்யாணம் காட்சி எதற்கும் வரக்கூடாது என்றேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை தாயி. ஒரு அக்கா தம்பியிடம் இப்படிச் சொன்னால் எவனும் ஏன் என்றுதான் கேட்பான். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். மேடம் என்னிடம் கடைசிவரை சொல்லாததை அவன் அப்படிச் சொல்லிவிட்டுப் போனான்.

அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. மேடத்திடமே போய் என் மனதைச் சொல்லலாமா என்று கேட்டேன். உங்களை நான் பார்ப்பது முறையாகாது என்று சொல்லி, அரசு ஆஸ்பத்திரியில் சித்ரகலா என்று ஒருவரைக் காட்டிவிட்டார். பதினைந்து நாளைக்கு ஒரு முறை பஸ் ஏறிப் போகிறேன். முதல் நாள் உட்கார்ந்ததும் நான் கேட்ட கேள்வி, இதை யாரிடமும் சொல்லமாட்டீர்களே என்பதுதான். கேட்டுவிட்டு எனக்கே சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. அங்கே நான் என்ன பேசுகிறேன் என்று உனக்கும் எழுதமாட்டேன். இந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். போலீஸுக்குப் போவதா, போகாமல் இருப்பதா என்பது நீ எடுக்க வேண்டிய முடிவு என்று அவர் சொன்னார். நீ போனால் நான் உன் பக்கத்தில் நின்று, என் கை செய்ததையும் சேர்த்துச் சொல்வேன். போகவேண்டாம் என்றால் ஏன் என்று கேட்கமாட்டேன்.

உன்னிடம் இன்னொன்றும் கேட்க வேண்டும். அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி முதலாளியிடம் சொல்ல நீ சம்மதித்தால் நாளைக்கே போய்ச் சொல்கிறேன். மேடத்துக்கு அந்த வேலை திரும்பக் கிடைத்தாலும் கிடைக்கலாம். நீ வேண்டாம் என்றால் அந்தப் பழி என்னோடு இருக்கட்டும், அவரும் அதைத்தான் விரும்புவார். உன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் வராது. இந்தக் கடிதத்தை மேடத்திடம் காட்டுவதும் காட்டாததும் உன் இஷ்டம்.

பொங்கலுக்கு நான்கு நாள் லீவு கிடைத்தால் வா. இது ஒரே அறைதான், ஆனால் கதவுக்கு உள்பக்கம் நல்ல தாழ்ப்பாள் போட்டிருக்கிறேன். உனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைக்கிறேன். வர முடியாவிட்டால் போன் செய், சிக்னல் சரியில்லை என்று இனி சொல்லமாட்டேன். என்னோடு பேசவே பிடிக்காவிட்டால், நன்றாக இருக்கிறேன் என்று மேடத்திடமாவது சொல்லிக்கொண்டிரு. எனக்கு அது தெரியவராது, பரவாயில்லை.

நீ எங்கே இருந்தாலும் நன்றாகச் சாப்பிட்டு, பயமில்லாமல் தூங்கி எழ வேண்டும் தாயி. வந்தால் நான் உன்னை ஒன்றும் கேட்கமாட்டேன். நீயாக ஏதாவது சொன்னால், எவ்வளவு நேரமானாலும், கடைசிவரைக்கும் கேட்பேன்.

உன் அம்மா
சீனியம்மாள்